அடியும் அளவும்

கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தில் திருப்பலி வேளையில் பிள்ளை குறும்பு செய்தால், உங்கள் கை முதலில் எங்கே செல்கிறது? பிரம்பைப் பற்றி நீதிமொழிகள் (13:24) கூறுவது நமக்கு மனப்பாடம். பிள்ளைகளை மனந்தளரச் செய்யலாகாதென்று பவுலடியார் கொலோசையருக்கு எழுதியது (3:21) மட்டும் ஏனோ நினைவில் நிற்பதில்லை!

பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்து 2005 இலேயே கல்வி அமைச்சு சுற்றுநிருபம் வெளியிட்டது. ஆசிரியரின் அறையால் மாணவனொருவனின் செவி பாதிக்கப்பட்டமை அடிப்படை உரிமை மீறலென 2021 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுக்குள் சுற்றுநிருபம் வராது. பிள்ளைகளைச் சிலவேளை இலேசாக அடித்தாலும் முகத்தில் அடிப்பதில்லை என்ற தந்தையொருவரை 2015 இல் திருத்தந்தை பிரான்சிஸ் பாராட்டியபோது, உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் அத்தந்தை கூறிய காரணத்தைக் கவனியுங்கள்: பிள்ளையை அவமானப்படுத்தக் கூடாதாம். அவ்வாறாயின், விருந்தினர் முன்னிலையில் பரீட்சைப் புள்ளிகளைச் சொல்லி ஏசுவதை எதில் சேர்ப்பீர்கள்?