இரகசிய எண்ணும் கடவுச்சொல்லும்: நம் சேமிப்பின் காவல்

ஜொகூர் மாநிலம், சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் பெக்கோக். அப்பகுதிக்கு நாம் அண்மையில் சென்றிருந்தபோது, பல்லாண்டுகள் பால் வெட்டிய அம்மையார் ஒருவர் தமது வங்கி அட்டையை நமக்குக் காட்டினார். அட்டையின் மேல் ஒரு ரப்பர் வளையம். வளையத்தினுள் மடித்து வைத்த சிறு தாள். தாளில் ஆறு இலக்கங்கள். கண் பார்வை மங்கிவிட்டபடியால், இயந்திரத்தின் அருகில் நிற்கும் யாரேனும் ஒரு பிள்ளையிடம் இரண்டையும் கொடுத்துப் பணம் எடுத்துத் தரச் சொல்வது தமது வழக்கம் என்றார். இதுவரையில் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகவே வாய்த்தனர் என்றும் மகிழ்ச்சியோடு கூறினார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர் இளமையில் கண்ட சம்பள நாள் வேறு. தோட்ட அலுவலகத்தின் முன் மேசை போடப்பட்டிருக்கும். கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கங்காணி அருகில் நிற்பார். கையெழுத்திடத் தெரியாதவர் கட்டை விரலை மையில் தோய்த்துப் பதித்துவிட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொள்வார். இவர் இன்னார் என்பதற்கு அவரது முகமே சாட்சி. 1974 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் தேசிய சேமிப்பு வங்கி தோன்றி, அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணிகளை ஏற்றுக்கொண்ட பின்னரும், சேமிப்புப் புத்தகத்தை நீட்டியவரின் முகத்தையும் அடையாள அட்டையையும் பார்த்தே பணம் தரப்பட்டது. இயந்திரத்திற்கோ முகம் தெரியாது. சரியான எண்ணை அழுத்தியவர் எவரோ அவரே கணக்குக்கு உரியவர் என்று அது கொள்ளும். கள்வன் அழுத்தினாலும் அப்படியே.

இந்த எண் வழக்கிற்கு வந்த கதை சுவையானது. 1967 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள், இலண்டனின் வட பகுதியான என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கியின் கிளை ஒன்றில் பணம் வழங்கும் இயந்திரம் திறந்து வைக்கப்பெற்றது. அதனை அமைத்தவர்களில் முதன்மையானவர் ஜான் ஷெப்பர்டு-பாரன்; இந்தியாவில் ஷில்லாங் நகரில் பிறந்தவர். தமது இராணுவ எண்ணைப் போல ஆறு இலக்கங்கள் இருக்கட்டும் என்று அவர் முதலில் எண்ணினாராம். நான்கு இலக்கங்களுக்கு மேல் தம்மால் நினைவில் வைக்க இயலாது என்று அவர் மனைவி கூறவே, நான்கு என்று முடிவாயிற்று. நம் நாட்டில் நாம் பயன்படுத்துவது ஆறு இலக்கங்கள். பத்து இலட்சம் எண்களில் ஒன்றைத் திருடன் கண்டறிய வேண்டும்; சில முறை தவறாக அழுத்தினாலே அட்டை முடக்கப்படும். ஆகவே ஆறு இலக்கம் போதுமான காவல்தான், நாமே அதனைக் காட்டிக்கொடுக்காத வரையில்.

எப்படிக் காட்டிக்கொடுக்கிறோம்? ஆறு இலக்கம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது பிறந்த தேதி. மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் எவை என்று எண்ணிப் பாருங்கள். பிறந்த ஆண்டு, மாதம், நாள்! பணப்பையைத் திருடியவனுக்கு வங்கி அட்டையும் கிடைக்கிறது. பக்கத்திலேயே அதைத் திறக்கும் எண் அச்சிட்ட அடையாள அட்டையும் கிடைக்கிறது. பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பிள்ளைகளின் பிறந்த நாள், மோட்டார் சைக்கிள் எண், 123456 ஆகியனவும் அவ்வாறே.

இதனினும் வருந்தத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. அவசரத் தேவைக்கு வட்டிக்குக் கடன் வாங்குவோர், வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். சம்பளம் கணக்கில் விழுந்ததும் அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். மிச்சம் எவ்வளவு என்பது அவர் வாய்ச்சொல்லே. பணம் மட்டும் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு யாரையோ ஏமாற்றிப் பறித்த தொகை அந்தக் கணக்கின் வழியே போய்வந்தால், காவல் துறையினர் முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான். 2024 ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத் தொகுப்பில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தக்க காரணமின்றிப் பிறருடைய கணக்கையோ அட்டையையோ தம் வசம் வைத்திருப்பது குற்றம். அவ்வாறு கொடுப்பதும் குற்றம். கொடுத்துவிட்டவர்கள் வங்கிக்கு நேரில் சென்று அந்த அட்டையை இரத்துச் செய்து புதிய அட்டை பெறலாம். கடன் தீர்ந்ததா இல்லையா என்பது வேறு வழக்கு.

இனி, கைப்பேசியிலும் கணினியிலும் நாம் கையாளும் கடவுச்சொல்லுக்கு வருவோம். ஊழியர் சேமநிதியின் இணையக் கணக்கு, வங்கியின் இணையச் சேவை, மின்னஞ்சல், பிள்ளைகளின் பள்ளிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் கேட்கப்படுகிறது. சேமநிதியை எடுத்துக்கொள்வோம். 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்ட உறுப்பினர்களின் சந்தாவில் நூற்றுக்குப் பத்து பங்கு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் சேர்கிறது. எடுக்கும் பணம் உறுப்பினரின் சொந்த வங்கிக் கணக்குக்கே செல்லும் என்பது உண்மை. ஆயினும் அந்த வங்கிக் கணக்கின் சாவியும் அதே சொல்லாக இருந்துவிட்டால், ஒரு கதவைத் திறந்தவனுக்கு அடுத்த கதவும் திறந்ததாகிவிடும்.

நிறுவனங்கள் நமது கடவுச்சொல்லை எங்ஙனம் பாதுகாக்கின்றன என்பதைத் தோட்டத்து உதாரணத்தால் விளக்கலாம். பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்துத் தகடாக்கிய பின், அந்தத் தகட்டிலிருந்து மீண்டும் பாலைப் பெற முடியுமா? முடியாது. ஒழுங்கான நிறுவனம் நாம் தரும் சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. கணித முறையால் உறைய வைத்து, அந்தத் தகட்டை மட்டுமே வைத்துக்கொள்கிறது. மறுமுறை நாம் சொல்லைத் தரும்போது அதையும் உறைய வைத்து இரண்டு தகடுகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கிறது. திருடன் தகடுகளைக் களவாடினாலும் பாலைக் காண இயலாது. ஆனால் அவன் வேறொரு வழி அறிவான். மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களையெல்லாம் தானே ஒவ்வொன்றாக உறைய வைத்து, களவாடிய தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். அங்கே சில முறை தவறினால் முடக்கும் காவல் இல்லை. கணினி ஒரு நொடியில் கோடிக்கணக்கில் முயலும்.

மக்கள் எத்தகைய சொற்களை வைக்கிறார்கள்? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979 இல் வெளியிட்ட கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831, அதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியனவாகவோ, எளிதில் ஊகிக்கத்தக்கனவாகவோ, அகராதியில் உள்ளனவாகவோ இருந்தன. முப்பது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை மாறவில்லை. 2009 இல் ராக்யூ என்னும் நிறுவனம், மேலே சொன்ன உறைய வைக்கும் வேலையைச் செய்யாமல் அப்படியே எழுதி வைத்திருந்த மூன்று கோடியே இருபது இலட்சம் சொற்கள் களவு போயின. அவற்றுள் முதலிடம் பெற்றது எது தெரியுமா? அதே 123456. இரண்டு இலட்சத்து தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் அதையே வைத்திருந்தார்கள்.

எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளால் இருபதாயிரம் கோடிக்கு மேற்பட்ட சொற்களை அமைக்கலாம். பெரிதாகத் தோன்றும் இத்தொகை இன்றைய கணினிக்குச் சில நிமிட வேலையாகவும் இருக்கக்கூடும். எழுத்தைக் கூட்டக் கூட்ட ஒவ்வோர் எழுத்துக்கும் இது 26 மடங்காகப் பெருகும். ஆகவே விசித்திரமான குறிகளைத் தேடித் தலையை உடைத்துக்கொள்வதைவிட நீளத்தைக் கூட்டுவதே மேல். தொடர்பில்லாத நான்கு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக, நாம் பேசும் தமிழிலேயே நினைத்து ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். வாளி, முருங்கை, தண்டவாளம், பாட்டி என்பது போல. (இதையே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டா, இது அச்சில் வந்துவிட்டது.) திரைப்படப் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் மட்டும் தனித்து நிற்க வேண்டா. உறவினர் எவரும் முதல் முயற்சியிலேயே சொல்லிவிடுவார்கள்.

இத்தனை சொற்களை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்கலாம். எழுதி வைக்கவே கூடாது என்று கூறுவோரும் உளர். நாம் அவ்வளவு கடுமையாகக் கூறமாட்டோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைப்பதைவிட, வெவ்வேறாக வைத்து ஒரு சிறு நோட்டில் எழுதி, பிறப்புப் பத்திரத்தோடு பெட்டியில் பூட்டி வைப்பது எவ்வளவோ நன்று. கடல் கடந்த திருடன் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கப் போவதில்லை. அந்த நோட்டு கைப்பேசியின் உறைக்குள்ளோ பணப்பையிலோ இருக்கலாகாது, அவ்வளவே. அட்டையின் இரகசிய எண்ணை மட்டும் எழுதாமல் நினைவில் வைப்பதே முறை. மூன்று மாதத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையும் இப்போது கைவிடப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் தரக்கட்டளை நிறுவனமே 2017 இல் அது தேவையில்லை என்று கூறியது. சொல் வெளிப்பட்டுவிட்டதென ஐயம் எழுந்தால் அன்றே மாற்றுக.

கைப்பேசியைக் கட்டை விரலால் திறக்கும் வசதியும் உண்டு. பாட்டனார் செக்ரோலில் பதித்த கட்டை விரல் இப்படித் திரும்பி வந்திருக்கிறது! உளி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் சில வேளை ஏற்க மறுக்கும். அப்போது வேறொரு விரலைப் பதிந்துகொள்ளலாம்.

எவ்வளவு நல்ல சொல்லாயினும், கேட்டவுடன் கொடுத்துவிட்டால் பயன் இல்லை. காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ பேசுவதாக ஒருவர் அழைப்பார். உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்வார். அதனால் அவர் அதிகாரி என்று நம்பிவிட வேண்டா. 2017 இல் நம் நாட்டின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளியாயிற்று. பெயரும் எண்ணும் அறிந்திருப்பது இன்று பெரிய காரியமன்று. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு இன்னொரு வலை. படமாகத் திறக்காமல், "நிறுவவா" என்று கேட்டால் அது அழைப்பிதழன்று. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணைத் திருடி அனுப்பும் ஒற்றன். இக்காரணத்தாலேயே, குறுஞ்செய்தி எண் முறையைக் கைவிட்டு மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது.

கோப்புகளைப் பற்றியும் ஒரு சொல். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பிள்ளையின் தேர்வுச் சான்றிதழ், காலஞ்சென்றோரின் ஒரே நிழற்படம் ஆகியவற்றைப் பலர் கைப்பேசியில் மட்டுமே வைத்திருக்கின்றனர். 2023 மார்ச்சில் ஜொகூரில் பெருகிய வெள்ளத்தால் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. சிகாமட் மாவட்டமும் தப்பவில்லை. கைப்பேசி நீரில் மூழ்கினால் உள்ளிருப்பதும் மூழ்கிவிடும். ஆகவே இரண்டாம் பிரதி ஒன்றை நினைவுத் தகட்டில் எடுத்து, வேற்றூரில் உள்ள நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில் வைத்திருப்பது நலம். பழைய கைப்பேசியை விற்குமுன் அதிலுள்ள யாவற்றையும் அழித்துவிடவும் வேண்டும்.

கணக்கிலிருந்து பணம் பறிபோனதாகத் தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று பெரட்டு முடியும் வரை காத்திருக்கலாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் தொலைபேசி எண் 997. அதனையோ, அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள வங்கியின் எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். பணம் எந்த நேரத்தில், எவ்வளவு வெள்ளி, எந்தக் கணக்கிற்குப் போயிற்று என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அப்பணம் மேலும் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. பின்னர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்து அதன் பிரதியைப் பெற்றுக்கொள்க. அட்டையைத் தொலைத்தால் பின்புறத்து எண்ணும் உடன் தொலைந்துவிடும் அல்லவா? அதனை இன்றே சுவரில் தொங்கும் நாட்காட்டியில் குறித்து வைத்துவிடலாம். அந்த எண் இரகசியமன்று.