பந்தோபஸ்தும் சௌகரியமும்

பாங்கியின் வாசலை மிதியாமலே பணத்தை அனுப்பவும் பெறவும் கூடிய காலம் இது. 2016-ஆம் வருஷத்தில் யு.பி.ஐ. முறை ஏற்பட்ட பிறகு, கீரை விற்கும் கிழவி முதல் மொத்த வியாபாரி வரையில் கைபேசியையே பணப்பெட்டியாகக் கொண்டுவிட்டனர். அந்நியக் கம்பெனிகளின் தயவை நாடாமல் நம்மவர்களே வகுத்த முறை இது என்பதில் நாம் பெருமை கொள்வதும் நியாயமே. ஆனால், பணம் உற்றாரிடம் போய்ச் சேரும் அதே வேகத்தில் திருடனிடமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பொருள் சில நிமிஷங்களில் மறைகிறது. பறிகொடுத்தவர் பாங்கிக்கு ஓடினால், “இரகசிய எண்ணைச் சொன்னது நீங்கள்தானே?” என்ற கேள்வியே அவருக்குக் கிடைக்கும் பதிலாக இருக்கிறது. இந்தக் கேள்வி நியாயமானதா என்பதே நாம் இன்று ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

பாங்கிக்காரர்கள் ஒரு தராசைக் காட்டுகிறார்கள். ஒரு தட்டில் பந்தோபஸ்து, மற்றொன்றில் சௌகரியம்; ஒன்று உயர்ந்தால் மற்றது தாழ்ந்தே தீரும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. பத்து ரூபாய்க்குத் தேநீர் அருந்துகிறவரிடம் மூன்று அத்தாட்சிகள் கேட்டால், அவர் இந்த முறையையே கைவிடுவார். ஆனால் பத்து ரூபாய்க்கும் லக்ஷ ரூபாய்க்கும் ஒரே பூட்டு எதற்கு? யு.பி.ஐ. லைட் என்ற ஏற்பாட்டில் சிறு தொகைகளுக்குப் பின் நம்பர் கேட்பதே இல்லை. ரிசர்வ் பாங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வரும்படி வகுத்த விதிகளும் இந்த நியாயத்தை ஒட்டியவையே. பொதுவாக இரண்டு அத்தாட்சிகள் வேண்டும். இடம், கருவி, வழக்கம் ஆகியவற்றைக் கொண்டு அபாயம் அதிகம் என்று தோன்றினால் மேலும் சோதிக்கலாம். அபாயத்துக்குத் தக்க பூட்டு என்பதே இதன் தாத்பரியம்.

பூட்டைப் போட்டால் வியாபாரம் கெட்டுவிடும் என்ற பயமும் ஆதாரமற்றது. இணையத்தில் கார்டைக் கொண்டு பணம் செலுத்துவோர், கார்டில் அச்சிட்ட விவரங்களுடன் வேறொரு அத்தாட்சியும் தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2009-இல் விதித்தது. ஊபர் கம்பெனி பணத்தை வெளிநாட்டு வழியாக வசூலித்து இவ்விதியைத் தாண்டிச் சென்றது. 2014-இல் ரிசர்வ் பாங்கி அந்தச் சந்தையும் அடைத்தது. அதனால் வாடகைக் கார்கள் நின்றுவிடவில்லை.

இக்காலத்துத் திருடன் பூட்டை உடைப்பதில்லை. உடையவரிடமே சாவியைக் கேட்டு வாங்குகிறான். “உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்” என்று பயமுறுத்துவான். “உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்” என்று ஆசையும் காட்டுவான். ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி யு.பி.ஐ.யில் இருந்தது. அதைப் பணம் வரும் சீட்டு என்று நம்பிப் பின் நம்பரைப் போட்டு ஏமாந்தவர் பலர். தனி மனிதர்களுக்கிடையே அந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. எச்சரிக்கை விளம்பரங்கள் அந்த வாசலை அடைக்கவில்லை. வாசலை அமைத்தவர்களே அடைத்தார்கள். அமைப்பை மாற்றும் சக்தி யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

சட்டம் என்ன சொல்லிற்று? 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி பிறப்பித்த உத்தரவு பெரிதும் நல்லதே. இரு தரப்பிலும் குற்றமில்லாமல் மூன்றாமவரால் மோசம் நேர்ந்து, அதை 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தால், வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை. அவருடைய பொறுப்பை நிரூபிக்கும் பாரம் பாங்கியைச் சேர்ந்தது. ஆனால், வாடிக்கைக்காரரின் அசட்டையால் நேர்ந்த நஷ்டத்தை, அவர் பாங்கிக்கு அறிவிக்கும் வரையில், அவரே முழுதும் ஏற்கவேண்டும் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. இரகசிய எண்ணைப் பிறருக்குத் தெரிவிப்பதே அசட்டைக்கு உதாரணமாகக் காட்டப்பட்டது. வஞ்சிக்கப்பட்டு ஒப்புக்கொண்டதை மனமார்ந்த சம்மதமாகச் சட்டம் கருதுவதில்லை. அவ்வாறிருக்க, வஞ்சனைக்கு ஆளானவரை அசட்டைக்காரர் என்று தள்ளிவிடுவது எந்த நியாயம்?

அந்நிய நாடுகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் போலிக் குறுஞ்செய்திகளால் ஜனங்கள் பணத்தை இழந்தபோது, 2022 ஜனவரியில் அந்நாட்டு அதிகாரிகள் பாங்கிகளையே கட்டுப்படுத்தினர். செய்திகளில் இணையச் சுட்டி அனுப்பக்கூடாது. புதிய கைபேசியில் அத்தாட்சிக் கருவியை இயக்க 12 மணி நேரமாவது தாமதம் வேண்டும் என்றனர். பிரிட்டிஷாரிடம் நாம் கற்க வேண்டியது அதிகமில்லையெனினும், 2024 அக்டோபர் 7 முதல் அவர்கள் நடத்திவரும் ஏற்பாடு கவனிக்கத் தக்கது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும், 85,000 பவுன் வரையில் ஈடு செய்ய வேண்டும். அனுப்பிய பாங்கியும் பெற்ற பாங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த பாங்கிக்கும் பொறுப்பு உண்டென்ற இந்த நியாயம் நம் நாட்டுக்கும் பொருந்தாதா?

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. முதல் தடவையாக ஒருவருக்குப் பெருந்தொகை அனுப்பும்போது சில மணி நேரத் தாமதமும், அதற்குள் ரத்து செய்யும் உரிமையும் வேண்டும். பாங்கிகளின் எச்சரிக்கைகள் தமிழில், பாமரருக்கும் புரியும்படி வரவேண்டும். அசட்டை என்ற சொல்லுக்குக் குறுகிய, திட்டமான வரையறை வேண்டும். கைபேசி கையாளத் தெரியாத முதியோருக்குப் பாங்கியின் கௌண்டர் திறந்தே இருக்க வேண்டும்.

1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அந்தத் துயரத்தின் பின்னரே, 1907-இல், இந்தியன் பாங்கியை நம்மவர்கள் தோற்றுவித்தனர். ஜனங்களின் நம்பிக்கையே சுதேசி பாங்கிகளின் மூலதனம் என்பதை இன்றைய நிர்வாகிகள் மறக்கலாகாது.

தேச ஊழியர்களுக்கும் இதில் கடமை உண்டு. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் வேண்டியதில்லை. மோசம் போனால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கும் பாங்கிக்கும் அறிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் கிராமந்தோறும் எடுத்துச் சொல்லுங்கள். பறிகொடுத்தவர் வெட்கத்தால் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே லாபம்.