பூச்சு முடியாத வீட்டில்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இரண்டையும் இருவேறு சோதனைகளாக அவர்கள் கருதினார்கள் போலும். திருமணமாகிப் பதினோராம் ஆண்டில் வீடு கட்டத் தொடங்கிய எங்களுக்கோ, இரண்டும் ஒரே சோதனைதான் என்பது கடைக்கால் தோண்டிய அன்றே விளங்கிவிட்டது. அடுக்களை எந்த மூலையில் வருவது என்பதில் தொடங்கிய வாக்குவாதம், யாருடைய தாய்வீட்டார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் போய் நின்றது. கொத்தனார் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்க பேசி முடிங்க சார், நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் பேசி முடிக்கவில்லை.

எங்கள் ஊர் குருபரப்பள்ளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்னால் இருக்கிறது. மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் சூழ்ந்த ஊர். சந்தையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அந்த அலை மெல்ல மெல்லச் சாலைவழியே நகர்ந்து எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. தோப்புகள் மனைகளாயின. மனைக்கு நட்ட கற்கள் வரிசையாகத் தலைகாட்டின. வாடகை ஏறிற்று, வாடகை ஏற ஏற, சொந்த வீடு என்னும் ஆசையும் ஏறிற்று.

அச்சாலையில் பேருந்தில் செல்லும் எவரும் ஒன்றைக் கண்டிருக்கலாம். கீழ்த்தளத்தில் குடித்தனம் நடக்கும். கொடியில் துணி காயும். மொட்டைமாடியின் நான்கு மூலைகளிலும் துருப்பிடித்த கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நாளை மாடி எழும் என்னும் நம்பிக்கையின் கொடிக்கம்பங்கள் அவை. முன்பெல்லாம் அவற்றைப் பார்த்து நாங்கள் சிரித்ததுண்டு. இப்போது எங்கள் வீட்டிலும் நான்கு இருக்கின்றன.

தளம் ஒட்டிய அன்று கையில் இருந்த பணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சித்திரை மாதம் வேறு. தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் தேக்கவேண்டும். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கித்தான் தேக்கினோம். சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தபோது, மேற்கூரையும் நான்கு சுவரும் நிலைக்கதவும் இருந்தன. உட்பூச்சு, வெளிப்பூச்சு, தரை, வண்ணம், சுற்றுச்சுவர் ஆகிய ஒன்றும் இல்லை.

மூன்று வழிகள் முன்னே நின்றன. வங்கிக் கடனுக்குமேல் இன்னொரு கடன் வாங்கி, நகையையும் அடகு வைத்து, எல்லாவற்றையும் முடித்துப் புதுமனை புகுவிழா நடத்தலாம். அல்லது வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பணம் சேரும்வரை வாடகை வீட்டிலேயே இருக்கலாம். அல்லது உள்ளபடியே குடியேறலாம். உறவினர் அனைவரும் முதல் வழியையே காட்டினர். "ஊரைக் கூப்பிட்டு விருந்து வைக்கிற வீட்டில் செங்கல் தெரிந்தால் நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார் மூத்த அத்தை. அவர் கேட்டதில் தவறில்லை. எங்கள் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அந்த வாரம் நற்செய்தி நூலைப் புரட்டியபோது, கோபுரம் கட்ட விரும்பியவனைப் பற்றி ஆண்டவர் கூறிய பகுதி (லூக்கா 14) கண்ணில் பட்டது. முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாமல் அடித்தளம் இட்டவன், முடிக்க இயலாமற்போய் ஊரார் நகைப்புக்கு ஆளாகிறான். அது எங்களையே குறித்துச் சொன்னதுபோல் இருந்தது. உண்மையைச் சொன்னால், அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் வரவில்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பங்குத்தந்தையிடம் சென்று, மந்திரிப்பு நாளைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டோம். காரணத்தைக் கேட்டறிந்த அவர், "மந்திரிப்புச் செபத்தில் பூச்சுவேலை பற்றி எங்கும் சொல்லியிருக்கவில்லையே!" என்றார். பின்னர், தாம் திருவனந்தபுரம் சென்றிருந்தபோது கண்ட ஒரு சிற்றாலயத்தைப் பற்றியும், அதைக் கட்டிய மனிதரும் அவர் மனைவியும் தங்களுக்கெனக் கட்டிக்கொண்ட வீட்டைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். அவர் தந்த நூல்களையும் பிறகு வாசித்தோம். அந்தத் தம்பதியரின் கதையை நம் குடும்பங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அம்மனிதர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். கட்டடக் கலை பயின்றவர். நண்பர்கள் சபை எனப்படும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, தம் சபையாரின் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனம் சென்றார். அங்கே தொழுநோயாளருக்கும் பணிசெய்தார். தாயகம் திரும்பும் வழியில் மும்பையில் கப்பலுக்காகக் காத்திருந்த காலத்தில், அண்ணல் காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு பெற்றார். துண்டுத் துணிகளைக் கொண்டு அவர் தாமே செய்து அணிந்திருந்த காலணிகள் அண்ணலின் கருத்தைக் கவர்ந்தனவாம். ஒருவர் வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் அவ்வீட்டிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்கவேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் வாழ்நாள் முழுவதும் அவரோடு இருந்தது.

1945-இல் தொழுநோயாளர் பணிக்கென்றே இந்தியா திரும்பினார். அப்பணியின்போது அவர் தங்கியிருந்த வீட்டு மருத்துவரின் தங்கை எலிசபெத்தைக் கண்டார். எலிசபெத்தும் மருத்துவர், கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இரு வீட்டாரும் இசையவில்லை. இருவரும் பொறுத்திருந்தனர், 1948-இல் மணந்துகொண்டனர். மணமக்கள் இமயமலைச் சாரலிலுள்ள பித்தோராகருக்குச் சென்றனர். புதுமணத் தம்பதியர் சில நாள் இளைப்பாறச் சென்ற இடம் அது. வந்திருப்பவர் மருத்துவர் என்ற செய்தி மலையெங்கும் பரவவே, நோயாளிகள் வாசலில் வந்து நின்றனர். அவர்களை விட்டு வர மனமில்லை. அங்கேயே ஒரு மலைச்சரிவில் வீட்டையும் மருத்துவமனையையும் கட்டினர். மனைவி வைத்தியம் பார்த்தார். கணவர் கட்டடக் கலைஞராகவும் அவருக்கு உதவியாளராகவும் எடுபிடியாகவும் இருந்தார். சில நாள்களுக்கென்று சென்ற இடத்தில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்!

அம்மலைநாட்டில்தான் பேக்கர் தம் படிப்பின் எல்லையை உணர்ந்தார். கல்லும் மண்ணும் மரமும் கொண்டு அம்மக்கள் கட்டியிருந்த வீடுகள் குளிரையும் மழையையும் தாங்கி நின்றன. தமக்குத் தெரியாதது அங்குள்ள எளிய கொத்தனுக்குத் தெரிகிறதே என்று வியந்து, மீண்டும் மாணவரானார். 1963-இல் கேரளத்து வாகமண் மலைக்கும், பின்னர் திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தனர். நகரையடுத்த நாலாஞ்சிறையில், வேறு எவரும் விரும்பி வாங்காத செங்குத்தான பாறைச் சரிவு அவர்களுக்கு வாய்த்தது. அங்கே ஒரு சிறு குடிலில் தொடங்கிய வாழ்க்கை, ஆண்டுக்கு ஓர் அறை, பின்னர் ஒரு படிக்கட்டு, அதன்பின் ஒரு திண்ணை என்று வளர்ந்தது. இடித்த பழைய வீடுகளின் மரங்கள் அவ்வீட்டின் தூண்களும் சன்னல்களுமாயின. உடைந்த ஓடும் கண்ணாடிச் சில்லும் சுவரில் சித்திரமாயின. பாறையை உடைக்கவில்லை; பாறை எங்கே இடம் தந்ததோ அங்கே சுவர் வளைந்து சென்றது. முடிந்துவிட்டது என்று சொல்லும் நாளே அவ்வீட்டுக்கு வரவில்லை என்றே தோன்றுகிறது. அதற்கு அவர்கள் இட்ட பெயர், சிற்றூர் எனப் பொருள்படும் 'ஹேம்லெட்'.

பங்குத்தந்தை கண்ட சிற்றாலயம், இயேசு சபையாரின் லொயோலா பள்ளி வளாகத்தில் 1971-இல் பேக்கர் கட்டியது. பூச்சில்லாத செங்கற் சுவர்கள். கண்ணாடிச் சன்னல்களுக்குப் பதில், செங்கற்களின் இடையே விட்ட எண்ணற்ற துளைகளின் வழியே ஒளி வந்து விழுகிறது. ஆண்டவரின் இல்லத்துக்கே பூச்சு வேண்டியிருக்கவில்லை! பேக்கர் பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1990-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2007 ஏப்ரல் 1-ஆம் நாள் அதே நாலாஞ்சிறையில் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

நிற்க. அந்த ஐந்து மைல் கணக்கை எங்கள் வீட்டுக்கும் போட்டுப் பார்த்தோம். கடைக்காலுக்கு இட்ட கருங்கல் எங்கள் குன்றுப் பக்கத்தது. அதே பாறையை இயந்திரத்தில் பொடித்து வரும் எம்-சாண்ட்தான் எங்கள் கலவை மணல். ஆற்றுமணல் அரிதானபின் எல்லோரும் அதற்கே மாறியாயிற்று. ஹாலோ பிளாக் சாலையோரப் பட்டறையில் வார்த்தது. சிமெண்டும் கம்பியும் தொலைவிலிருந்து வந்தவை. கதவும் இரண்டு சன்னல்களும் கிருஷ்ணகிரியில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து வாங்கியவை. அவற்றை வாங்கியபோது கூசினோம். இப்போது யார் வந்தாலும் முதலில் அவற்றைத்தான் காட்டுகிறோம். ஆனால், நாங்கள் கடன்பட்டு வாங்கத் துணிந்த டைல்ஸும் வண்ணமும் புட்டியும் மட்டும் ஐந்து மைல் அல்ல, ஐந்நூறு மைலுக்கும் அப்பாலிருந்து வரவேண்டியவை.

பேக்கர் முறையில் ஒரு சுவராவது கட்டிப் பார்க்கும் ஆவல் எழுந்தது. பின்புறத்துக் குளியலறை அப்போது எழும்பவில்லை. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விலாப்புறமாக நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை அது. எலிப்பொறிக் கட்டு என்கிறார்கள். ஏறக்குறையக் கால்பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கொத்தனார் ஒப்பவில்லை. "இப்படி நிறுத்தி வெச்சா செவுரு நிக்குமா சார்?" என்றார். ஒரு வரிசை கட்டிப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் கோணிற்று. பழி அவர்மேல் அன்று. அளவொத்த நல்ல கல் இல்லாவிட்டால் இம்முறை சரிவராது, நாங்கள் வாங்கியதோ மலிவான கல். பொறுக்கியெடுத்த கற்களைக்கொண்டு மூன்றாம் நாள் பிடிபட்டது. இப்போது அவர் வேறு இடங்களில் அதைத் தம் சொந்தக் கண்டுபிடிப்புபோல் விளக்குவதாகக் கேள்வி. நல்லதே.

கோபுரம் கட்டியவனைப் பற்றிய பகுதியையும் இருவரும் சேர்ந்து மீண்டும் வாசித்தோம். முதலில் அவன் செய்யவேண்டியதாக ஆண்டவர் கூறுவது, உட்கார்ந்து கணக்குப் பார்த்தல். கடைக்கால் தோண்டும் முன் நாங்கள் உட்காரவில்லை, நின்றபடியே சண்டையிட்டோம். ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை, குழந்தைகள் உறங்கியபின், தளத்தின்கீழ் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தோம். எங்களில் ஒருவர் ஓசூர் தொழிற்சாலையில் பெறும் ஊதியம், மற்றவர் தையலில் ஈட்டுவது, தவணை, பள்ளிக் கட்டணம், பெற்றோர் மருந்துச் செலவு என யாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருந்த இரண்டு சிறு கைம்மாற்றுக் கடன்களும் அன்று வெளிவந்தன. அது இனிய மாலையாக இருந்தது என்று சொல்லமாட்டோம். ஆனால், இன்னொரு கடன் ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

உட்பூச்சு மட்டும் முடித்து, சிமெண்டுத் தரையோடு குடியேறினோம். விருந்துக்கு ஊரை அழைக்கவில்லை. அன்பியத்தாரும் நெருங்கிய உறவினரும் வந்தனர். பங்குத்தந்தை ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளித்துச் செபித்தார். கோணி நிமிர்ந்த குளியலறைச் சுவரையும் விடவில்லை. திரு இருதய ஆண்டவர் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினோம். வண்ணம் அடிக்கும்போது கழற்றவேண்டுமே என்று ஒருவர் சொல்ல, அதற்கு இன்னும் நாளிருக்கிறது என்று மற்றவர் சொன்னார். மூத்த அத்தை வெளிச்சுவரைச் சுற்றி வந்து ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்தபின், சன்னல் மரம் தேக்குதானா என்று மட்டும் கேட்டார்.

முதல் மழையில் வடக்குச் சுவர் ஈரம் காட்டிற்று. பூச்சில்லாத ஹாலோ பிளாக் மழையை உறிஞ்சும். நல்ல செங்கல்லுக்குப் பொருந்துவதெல்லாம் இதற்குப் பொருந்தாது. வாசகரில் எவரேனும் எங்களைப்போல் துணிவதானால், மழையடிக்கும் பக்கத்தை மட்டுமாவது முதலில் பூசிவிடுங்கள். எங்கள் நோட்டில் அடுத்த வரவுக்கு நேராக எழுதியிருப்பது அந்த வடக்குச் சுவர்தான். வரும் மாதம் கொத்தனார் இரண்டு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.