சாக்லேட் மணம் வேறு, இனிப்பு வேறு: ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியில் அறிவியல்

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் சாக்லேட் மால்ட் பானத் தூள் ஒரு டின்னாவது இருக்கும். அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வையுங்கள். இனிக்கும். அடுத்து, கேக் செய்வதற்கு வாங்கி வைத்திருக்கும் சீனி சேர்க்காத கொக்கோ தூளில் ஒரு சிட்டிகை. முகத்தைச் சுளிப்பீர்கள், அவ்வளவு கசப்பு. ஆனால் இரண்டிலும் சாக்லேட் மணம் இருக்கிறது.

அப்படியானால் ‘சாக்லேட் சுவை’ என்று நாம் விரும்புவது எதை? கொக்கோவையா, சீனியையா? இதற்கு விடை காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. காலைப் பசியாறலுக்கு ஒரு கிண்ணம் சாக்லேட் ஓட்ஸ் கஞ்சி செய்தால் போதும்.

தேவையான பொருள்கள் (ஒருவருக்கு)

ஓட்ஸ் – 40 கிராம் (ஏறத்தாழ அரைக் கோப்பை)
பால் – 150 மில்லிலிட்டர்
தண்ணீர் – 100 மில்லிலிட்டர்
சீனி சேர்க்காத கொக்கோ தூள் – 1 மேசைக்கரண்டி
நன்கு பழுத்த வாழைப்பழம் – பாதி
சீனி – 1 தேக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

தூள் ஏன் மிதக்கிறது?

கொக்கோ தூளை நேராகக் குளிர்ந்த பாலில் கொட்டினால் என்ன ஆகும்? மேலேயே மிதக்கும். எவ்வளவு கலக்கினாலும் கட்டி கட்டியாக நிற்கும். கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த தூள் அப்படியே இருக்கும்.

காரணம் கொழுப்பு. வறுத்த கொக்கோ கொட்டையில் ஏறத்தாழ பாதி, கொக்கோ வெண்ணெய் எனப்படும் கொழுப்புதான். அரைத்த விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் காப்புரிமை பெற்றது. பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கைப் பொடியாக்கினால் கிடைப்பதே கொக்கோ தூள். ஆனால் கொழுப்பு முழுவதும் நீங்கிவிடுவதில்லை. கடையில் கிடைக்கும் தூள் பலவற்றில் 10 முதல் 12 விழுக்காடு மிஞ்சியிருக்கும். கொழுப்புப் படிந்த துகள்களில் தண்ணீர் எளிதில் ஒட்டாது. துகள்களுக்கு இடையே காற்றும் சிக்கிக்கொள்வதால் தூள் மிதக்கிறது.

தீர்வு எளிது. தூளைக் கிண்ணத்தில் போட்டு, 2 மேசைக்கரண்டி சுடுநீர் மட்டும் ஊற்றிக் குழையுங்கள். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தண்ணீர் குறைவாக இருப்பதால் கரண்டி துகள்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பிரிக்கிறது. ஒரு நிமிடத்தில் பளபளப்பான விழுது தயார். இனி எவ்வளவு பால் ஊற்றினாலும் கட்டி விழாது.

கஞ்சி ஏன் கெட்டியாகிறது?

சட்டியில் ஓட்ஸ், பால், தண்ணீர், உப்பு, கொக்கோ விழுது எல்லாவற்றையும் சேர்த்து மிதமான சூட்டில் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு திடீரெனக் கலவை கெட்டிப்படும். ஏன்?

ஓட்ஸில் உள்ள மாவுச்சத்து நுண்ணிய மணிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டும்போது அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. கட்டின்றி ஓடிய தண்ணீர் இப்போது மணிகளுக்குள் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் கஞ்சி கெட்டியாகிறது. சோற்றுக் கஞ்சியிலும் இதுவே நடக்கிறது.

ஆனால் ஓட்ஸ் கஞ்சிக்கு மட்டும் ஒரு வழவழப்பு உண்டு. அதைத் தருவது பீட்டா குளுக்கான் எனும் கரையும் நார்ச்சத்து. மாவுச்சத்தைப்போல் இதுவும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான். ஆனால் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் வேறு. நம் செரிமான நொதிகளால் இந்த இணைப்பை வெட்ட முடியாது. ஆகவே அது வயிற்றிலும் குடலிலும் பசைபோல் இருந்து, உணவு செரித்துக் குளுக்கோஸ் இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. பள்ளி ஓய்வு நேரம் வரை பசி தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பயனும் உண்டு. கஞ்சிக்குத் தேவையான கொழகொழப்பை ஓட்ஸே தந்துவிடுவதால் இனிப்பூட்டப்பட்ட கெட்டிப்பால் ஊற்ற வேண்டியதில்லை.

மூக்கைப் பிடித்துச் சாப்பிடுங்கள்

ஐந்து நிமிடத்தில் கஞ்சி வெந்துவிடும். அடுப்பை அணைத்து, மசித்த வாழைப்பழத்தையும் சீனியையும் கலந்துவிடுங்கள். சற்று ஆறியதும் மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிடுங்கள். இனிப்பு தெரியும், இலேசான கசப்பும் தெரியும். சாக்லேட் தெரிகிறதா? இப்போது விரல்களை எடுத்து மூச்சு விடுங்கள். சாக்லேட் திடீரென வந்து நிற்கும்!

இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தையும் நாக்கு உணரும். சாக்லேட் அந்தப் பட்டியலில் இல்லை. கொக்கோ கொட்டைகளை நொதிக்க வைத்து, உலர்த்தி, வறுக்கும்போது உருவாகும் பல மணப்பொருள்கள் வாயின் பின்வழியாக மூக்கை எட்டுகின்றன. அதைத்தான் நாம் சாக்லேட் என்று உணர்கிறோம். சீனியைப் பாதியாக்கினாலும் அந்த மணப்பொருள்களில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

பிறகு சீனி எதற்கு? கசப்பை மறைக்க. கொக்கோவில் உள்ள தியோபுரோமின், ஃபிளவனால் போன்ற பொருள்கள் கசப்பானவை. ஆனால் கசப்பை அடக்கச் சீனி மட்டும்தான் வழி என்றில்லை. சிட்டிகை உப்பில் உள்ள சோடியம் கசப்பை உணர்வதைக் குறைக்கிறது. பழுத்த வாழைப்பழமும் உதவுகிறது. பழம் பழுக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் தோலில் கரும்புள்ளி விழுந்த பழமே அதிகம் இனிக்கும்.

ஒரு சிறு கணக்கு

இப்போது அலமாரியில் உள்ள அந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள். சேர்க்கப்பட்ட பொருள்கள் எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? கொக்கோ எத்தனையாவது?

எடுத்துக்காட்டாக, 100 கிராம் தூளில் 40 கிராம் சர்க்கரை என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 30 கிராம் தூளை ஓட்ஸில் போட்டால் சர்க்கரை 12 கிராம். மேலே ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றினால், அதன் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை என்பதால் இன்னும் 10 கிராம். மொத்தம் 22 கிராம். இதில் ஒரு பகுதி பாலுக்கே உரிய லாக்டோஸ் என்றாலும் பெரும்பகுதி சேர்க்கப்பட்ட சீனியே. நம் கிண்ணத்தில் நாம் சேர்த்த சீனி 1 தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம்.

உணவில் சேர்க்கும் சீனி, தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே வைக்கும்படி உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 5 விழுக்காட்டுக்குக் கீழே குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு அது 25 கிராம். குலா மலாக்காவும் தேனும் இந்தக் கணக்கில் சீனிதான்; முழுப் பழம் சேராது.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் முக்கியம்? 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு நோய் உள்ளது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவுக்குச் சீனி மட்டுமே காரணம் அல்ல. உடல் எடை, உடற்பயிற்சியின்மை, மரபு எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் தினமும் காலையில் கரண்டியில் அள்ளும் சீனி, நம் கையால் மாற்றக்கூடிய ஒன்று. வீட்டில் யாருக்கேனும் நீரிழிவு இருந்தால், ஓட்ஸும் மாவுச்சத்துள்ள உணவுதான் என்பதை மறக்க வேண்டாம். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்பதே சரி.

வார இறுதிச் சோதனை

இதே கஞ்சியை மூன்று கிண்ணங்களில் செய்யுங்கள். ‘அ’ கிண்ணத்தில் 2 தேக்கரண்டி, ‘ஆ’வில் 1, ‘இ’யில் அரைத் தேக்கரண்டி சீனி. எதில் எவ்வளவு என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுத்து, இனிப்புக்கும் சாக்லேட் மணத்துக்கும் தனித்தனியே 10க்கு மதிப்பெண் கேளுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் இடையே ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சீனியின் அளவு தற்சார்பு மாறி. மதிப்பெண் சார்பு மாறி. ஓட்ஸ், பால், கொக்கோ, உப்பு, வாழைப்பழம் ஆகியவற்றின் அளவும், சாப்பிடும்போது கஞ்சியின் சூடும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

சாக்லேட் மதிப்பெண் இனிப்பு மதிப்பெண்ணோடு சேர்ந்தே இறங்குகிறதா, அல்லது நின்ற இடத்திலேயே நிற்கிறதா? வரைபடமாக வரைந்து பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் போதுமான சீனி எவ்வளவு என்பதை அந்தக் கோடு காட்டிவிடும்.

பள்ளி நாளில் நேரமில்லை என்பவர்கள், கொக்கோ விழுதையும் ஓட்ஸையும் பாலில் கலந்து, மூடி, இரவே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். தட்டையாக்கப்பட்ட ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வேகவைக்கப்படுவதால், ஊறினாலே மென்மையாகிவிடும். விடிந்ததும் வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புங்கள்.