மசக்கையா, சோகையா?

ஜவ்வாது மலையில் ஒரு பெண் காலையில் சோற்றைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாலோ, சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது கிறுகிறுத்து உட்கார்ந்தாலோ, வீட்டில் உடனே ஒரு முடிவு சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆனவள் என்றால் "முழுகாம இருக்கா போல". மூன்று பிள்ளை பெற்றவள் என்றால் "பித்தம்". இரண்டுமே தவறாக இருக்கலாம். புதுப்பெண்ணுக்கு ரத்தசோகை முற்றியிருக்கலாம்; மூன்று பிள்ளைக்காரி நான்காவதாகக் கருவுற்றிருக்கலாம். அதைவிட, ஒரே உடம்பில் கருவும் சோகையும் சேர்ந்து இருப்பதைத்தான் இங்கே அதிகம் கவனிக்க வேண்டும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் இன்னொன்றைத் தேடாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நாள் தள்ளிப்போனால்

கர்ப்பத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு வரிசையில் வரும். முதலில் மாதவிலக்கு தள்ளிப்போகும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஐந்தாறு வாரத்தில் குமட்டல் தொடங்கும். ஒன்பதாவது வாரவாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் தணிந்துவிடும். மார்பு கனத்து வலிக்கும். எரிச்சல் எதுவும் இல்லாமல் அடிக்கடி சிறுநீர் வரும். நேற்றுவரை பிடித்த தாளிப்பு வாசனை இன்று வயிற்றைப் புரட்டும்.

ஆனால் நாள் தள்ளியதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. உடல் மெலிவு, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றாலும் மாதவிலக்கு தள்ளும். மறுபுறம், கருவுற்ற தொடக்கத்தில் சிலருக்கு லேசாக ரத்தம் கசியும். அதை மாதவிலக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு தரிக்க வாய்ப்பு உண்டு. தள்ளிப்போக அங்கே நாளே இருக்காது.

மண் தின்னும் ஆசை

சுவர் மண், அடுப்புச் சாம்பல், பச்சரிசி என்று வாய் கேட்டால், மசக்கைக்காரி அப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போகிறோம். இந்த ஆசை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். கர்ப்பம் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். அந்தக் குறைவுக்கு இங்கே ஒரு காரணம் குடற்புழு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் மலப் பரிசோதனை செய்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஏறத்தாழ நான்கு பேரின் குடலில் புழு இருந்தது. அநேகமாக எல்லாமே கொக்கிப்புழு. பிறகு பெனின், மலாவி நாடுகளோடு சேர்த்து நடந்த பெரிய குடற்புழு ஆய்வுக்கும் இந்த மலை ஒரு களமானது. ஈர மண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழு, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. விரலிடுக்கில் சில நாள் அரிப்பு, அவ்வளவுதான் வெளியே தெரியும். பிறகு அது சிறுகுடலில் தங்கி நாள்தோறும் ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு குடிப்பது ஒரு சொட்டுக்கும் குறைவாக இருக்கலாம். நூறு புழு, பல மாதம் என்றால் கணக்கு வேறு. மாதவிலக்கிலும் அடுத்தடுத்த பிரசவங்களிலும் ஏற்கெனவே ரத்தம் இழந்த உடம்பு அது. மேடேற மூச்சு வாங்கும் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வது கொடுமை.

சோகையின் களைப்பு மாதக்கணக்கில் மெல்ல ஏறும். சிறு மேட்டிலும் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். கீழிமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருந்தது.

காய்ச்சல் இருந்தால்

கர்ப்பம் காய்ச்சலைக் கொண்டுவராது. வாந்தியோடு காய்ச்சலும் கடும் தலைவலியும் இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். வேலூர் வட்டாரத்தில் அது புதிதல்ல. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் பீடியால் சுட்டதுபோல் வலியில்லாத கருந்தழும்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சிறுநீர் எரிச்சலோடு குளிர்காய்ச்சல் என்றால் சிறுநீர்த் தொற்று. கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்நிறமாகப் போனால் காமாலை.

மாத்திரைக்கு முன் சோதனை

எந்தக் காரணமாக இருந்தாலும் மாத்திரை விழுங்குவதற்கு முன்பு சிறுநீர்ச் சோதனை செய்துவிட வேண்டும். கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் நல்ல மருந்து. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைக் கொடுப்பதில்லை, நான்காம் மாதத்துக்குப் பிறகு மருத்துவர் சொன்னால் போடலாம். உண்ணிக் காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினைக் கர்ப்பிணிக்குத் தவிர்த்து அசித்ரோமைசின் தருவார்கள். மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையும் அப்படித்தான், கேட்டுத்தான் போட வேண்டும்.

சோதனை அட்டை கிராம சுகாதாரச் செவிலியரிடமும் ஆஷாவிடமும் இலவசமாகக் கிடைக்கும். நாள் தள்ளிய பிறகு, காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கர்ப்பம்தான். ஒரு கோடு மட்டும் வந்து, மாதவிலக்கும் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதியானாலும் வீட்டோடு இருந்துவிட வேண்டாம். களைப்புக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

கர்ப்பம் உறுதியானால் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அது வேண்டும். அதைவிட, சோகையைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். கல்யாணமாகாத பெண், 18 வயது நிரம்பாத பெண் என்றால் பயத்தில் மறைக்கிறார்கள். அவளைத் திட்டாமல் கூட்டிப்போக ஒரு அத்தையோ அக்காவோ வேண்டும். வயது எதுவானாலும் சிகிச்சை அவளுக்கு உரியது.

காத்திருக்கக் கூடாத வலி

நாள் தள்ளியபின் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, சொட்டுச் சொட்டாக ரத்தம், மயக்கம், தோள்பட்டையில் குத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் வளர்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சம்தான் தெரியும். கருத்தடை அறுவை செய்தவர்களும் காப்பர்-டி போட்டவர்களும் "எனக்குத்தான் வராதே" என்று இருந்துவிடக் கூடாது. அவர்களுக்குக் கரு தரிப்பது அரிது. தரித்தால் அது குழாயில் இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

மலைப்பாதையில் வண்டி ஏறி இறங்க நேரமாகும். ஆகவே வலி தொடங்கியதுமே 108-ஐ அழையுங்கள். "நாள் தள்ளியிருக்கு, அடிவயிறு வலிக்குது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, ஸ்கேனும் அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் கேளுங்கள்.