'ஷாம்பெயின்' என்ற உளவாளி: இஸ்ரேலியத் தேசியவாதிகள் ஏன் சொந்த உளவுத்துறையை நம்புவதில்லை?

போன எபிசோட் மொசாத் பத்தி. அதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல ஒண்ணு என்னை ரெண்டு நாள் விடவே இல்ல. "இஸ்ரேல்ல வலதுசாரிகள்தானே ஆட்சியில இருக்காங்க, அப்புறம் ஏன் அவங்களே உளவுத்துறையைத் திட்டுறாங்க?" நியாயமான கேள்வி. தேசியவாதின்னா ராணுவம், போலீஸ், உளவுத்துறை எல்லாத்துக்கும் சல்யூட் அடிக்கிறவர்னுதான் நமக்குப் பழக்கம். இஸ்ரேல்ல அந்தக் கணக்கு உதைக்குது.

மொசாத்துக்கு வெளிநாட்டு வேலை. உள்நாட்டு வேலையைப் பார்க்கிறது ஷின் பெட். ஹீப்ருவில 'ஷபாக்'. அதோட பெரும்பகுதி வேலை பாலஸ்தீனர்களைக் கண்காணிக்கிறது. ஆனா அதுக்குள்ள 'யூதப் பிரிவு'ன்னு ஒரு சின்னப் பிரிவு இருக்கு. வன்முறைப் பக்கம் போற யூதர்களைக் கவனிக்கிறது அவங்க பொறுப்பு. சண்டை முழுக்க இந்தப் பிரிவை வச்சுத்தான்.

1995 நவம்பர் 4, டெல் அவீவ். சமாதானப் பேரணி முடிஞ்சு காரை நோக்கி வந்த பிரதமர் யிட்ஸாக் ராபினை யிகால் அமீர்னு ஒரு சட்ட மாணவர் சுட்டுக் கொன்னார். 1993ல் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தம்தான் கோபத்துக்குக் காரணம். கொலைகாரர் அரபு இல்ல, யூதர், அதுவும் மதப்பற்றுள்ள தேசியவாதி. நாடே உறைஞ்சு போச்சு.

அடுத்த சில நாள்ல இன்னொரு பெயர் வெளிய வந்துச்சு: அவிஷாய் ராவிவ். 'எயால்'னு ஒரு தீவிரவாதக் குழுவை நடத்திட்டு இருந்தவர். அமீரோட பழகினவர். ராபின் துரோகின்னு மேடைக்கு மேடை கத்தினவர். ராத்திரியில முகமூடி போட்டுக்கிட்டு உறுப்பினர்கள் சத்தியப் பிரமாணம் எடுக்கிற காட்சி ஒண்ணு டிவியில வந்து ஊரையே பயமுறுத்துச்சு இல்லையா, அந்தக் குழு. அந்தக் காட்சியே கேமராவுக்காக நடத்தினதுன்னு பின்னாடி தெரிஞ்சது. அதைவிடப் பெரிய விஷயம், ராவிவ் ஷின் பெட்டோட ஆள். அவருக்குக் குறிப்புப் பெயர் 'ஷாம்பெயின்'.

நம்ம வேலையில வச்சுப் பாருங்க. பக் கண்டுபிடிக்கன்னு ஒரு டெஸ்டரை எடுக்கிறீங்க. அவர் உள்ள நுழைஞ்சு, டீமோட ஒண்ணா மண்ணா பழகணும்னு தானும் நாலு பக் எழுதி புரொடக்‌ஷன்ல ஏத்திடறார். ஒருநாள் சிஸ்டம் விழுது. இப்போ எந்த பக் யாரோடதுன்னு யார் பிரிச்சுச் சொல்றது? தேசியவாத முகாம் அன்னைக்குக் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். 'எங்களை வெறியர்கள்னு காட்டின அந்தச் சத்தத்துல எவ்வளவு எங்களோடது, எவ்வளவு நீங்க சம்பளம் குடுத்து வரவழைச்சது?'

கொலையை விசாரிச்ச ஷம்கார் கமிஷன் 1996ல் அறிக்கை குடுத்துச்சு. ஷின் பெட்டோட பாதுகாப்பு ஏற்பாட்டையும் தகவலைக் கையாண்ட விதத்தையும் கடுமையா விமர்சிச்சாங்க. கொலைக்குச் சில மாசம் முன்னாடியே, பெயர் சொல்லாம, அடையாளம் மட்டும் சொல்லி ஒரு எச்சரிக்கை வந்திருக்கு. அதைச் சரியாத் தோண்டலை. ராவிவ் பத்தின பகுதி ரகசிய இணைப்புல போச்சு. அதுல ஒரு பங்கு 1997ல்தான் வெளிய வந்தது. கொலையைத் தடுக்கத் தவறினார்னு ராவிவ் மேல 1999ல் வழக்கு போட்டாங்க, 2003ல் விடுதலை ஆயிட்டார். இதுல ஒரு வேடிக்கை: அப்போ ஷின் பெட் தலைவரா இருந்த கார்மி கிலோன், தன்னோட முதுகலை ஆய்வையே யூதத் தீவிர வலதுசாரிகளைப் பத்தித்தான் எழுதியிருந்தார்.

ரகசிய இணைப்புன்னு ஒண்ணு இருந்தா அதைச் சுத்திக் கதை முளைக்காம இருக்குமா? 'துப்பாக்கியில இருந்தது வெத்துத் தோட்டா, நிஜமா கொன்னது ஷின் பெட்'னு ஒரு சதிக்கதை இன்னைக்கும் ஓடுது. அமீர் தானே சுட்டதா ஒத்துக்கிட்டார், பெருமையாவே. என் பார்வையில ராவிவ் கதை நிஜமான ஊழல். வெத்துத் தோட்டாக் கதை 'நம்ம பையன் செஞ்சான்'ங்கிறதை முழுங்க முடியாதவங்களுக்கான மாத்திரை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

இந்த அவநம்பிக்கைக்கு ராபினுக்கு முன்னாடியும் வேர் இருக்கு. 1948 ஜூன்ல 'அல்தலேனா'ங்கிற கப்பல் வலதுசாரி இர்குன் அமைப்புக்கு ஆயுதம் கொண்டு வந்தப்போ, பென் குரியன் அரசு அதைப் பீரங்கியால சுட்டுச்சு. இர்குன்ல 16 பேர், ராணுவத்துல 3 பேர் இறந்தாங்க. யூதரை யூத அரசே சுட்ட அந்த நாளை வலதுசாரிக் குடும்பங்கள் மறக்கலை. கரையில இருந்த அதிகாரிகள்ல ஒருத்தர் யார் தெரியுமா? இளைஞரா இருந்த ராபின்.

ஆனா மத தேசியவாதிகளோட காயம் வேற மாதிரி. ராவ் கூக் வழியில வந்தவங்களுக்கு இஸ்ரேல் அரசுங்கிறது வெறும் நிர்வாகம் இல்ல, மீட்பின் தொடக்கம், புனிதமானது. அப்படி நம்பினவங்களை 2005 ஆகஸ்ட்ல அதே அரசோட சிப்பாய்கள் வந்து காஸாவுல 21 குடியேற்றங்கள்ல இருந்து தூக்கி வெளியேத்தினாங்க. சுமார் 8,000 பேர். அரசுக்காகச் செய்ற பிரார்த்தனையையே சிலர் அதுக்கு அப்புறம் நிறுத்திட்டாங்க.

அந்தப் போராட்ட நேரத்துல ஷின் பெட் பிடிச்சு மூணு வாரம் போல வச்சிருந்து, வழக்கே போடாம விட்ட இளைஞர்கள்ல ஒருத்தர் பெஸலேல் ஸ்மோட்ரிச். 1995ல், கொலைக்குச் சில வாரம் முன்னாடி, ராபின் காரில இருந்து பிடுங்கின சின்னத்தை டிவியில காட்டி, கார் வரைக்கும் வந்தவங்க ஆள் வரைக்கும் வருவோம்ங்கிற மாதிரி பேசின டீன்ஏஜ் பையன் இதமார் பென் க்விர். 2022 டிசம்பர்ல முதலாமவர் நிதியமைச்சர், ரெண்டாமவர் போலீஸைக் கையில வச்சிருக்கிற தேசியப் பாதுகாப்பு அமைச்சர். அமைச்சராகுறதுக்குச் சில வாரம் முன்னாடி, ராபின் நினைவு நாள் அமர்வுல நாடாளுமன்றத்துலயே நின்னு, கொலைகாரரைத் தூண்டுற வேலையில பாதுகாப்புத் துறைக்குப் பங்கு இருந்துச்சுன்னு ஸ்மோட்ரிச் பேசினார்.

சரி, அந்தப் பிரிவு தேவையே இல்லையா? 1984ல் அரபுப் பேருந்துகள்ல குண்டு வச்ச 'யூத பாதாள அமைப்பை', குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே பிடிச்சது ஷின் பெட்தான். 2015 ஜூலைல தூமா கிராமத்துல ஒரு வீட்டுக்குத் தீ வச்சதுல 18 மாசக் குழந்தையும் அதோட அப்பா அம்மாவும் இறந்தாங்க. அந்த வழக்குலதான் சிக்கல் நல்லாத் தெரியும். உடல்ரீதியா அழுத்தம் குடுத்து வாங்கின வாக்குமூலங்களை 2018ல் நீதிமன்றம் தள்ளிடுச்சு. ஆனா அழுத்தம் இல்லாம பின்னாடி குடுத்த வாக்குமூலத்தை ஏத்துக்கிட்டு, 2020ல் குற்றவாளிக்கு மூணு ஆயுள் தண்டனை குடுத்தாங்க. 'சித்திரவதை'ன்னு தேசியவாதிகள் தெருவுல இறங்கினாங்க. அதே முறைகள் பல வருஷமா பாலஸ்தீனர்கள் மேல நடந்தப்போ இந்தத் தெருவுல யாரும் இல்லைங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

விசாரணை இல்லாம அடைச்சு வைக்கிற நிர்வாகக் காவலும் அப்படித்தான். 2024 நவம்பர்ல பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ், குடியேறிகளுக்கு மட்டும் அது இனி கிடையாதுன்னு அறிவிச்சார். அப்போ அதுல இருந்த குடியேறிகள் விரல் விட்டு எண்ணுற அளவு. பாலஸ்தீனர்கள் மூவாயிரத்துக்கும் மேல. அவங்களுக்கு அது அப்படியே தொடருது.

2023 அக்டோபர் 7க்கு அப்புறம் 'உள்ளே இருந்து துரோகம்'னு இன்னொரு சதிக்கதை கிளம்புச்சு. 2025 மார்ச்ல அமைச்சரவை ஷின் பெட் தலைவர் ரோனன் பாரை நீக்க ஓட்டுப் போட்டுச்சு. உச்ச நீதிமன்றம் முதல்ல தடை போட்டு, மே மாசம் அது சட்டவிரோதம்னு சொல்லுச்சு. மறுநாளே நெதன்யாகு புதுத் தலைவரா அறிவிச்ச டேவிட் ஸினி, மத தேசியவாதச் சூழல்ல இருந்து வந்தவர். அக்டோபர்ல பதவி ஏத்துக்கிட்டார். யூதப் பிரிவும் இப்போ அவருக்குக் கீழதான்.