கமிஷனே கூலி

போசரியில் நம்மவர் இல்லங்களுக்கு வியாழக்கிழமைகளில் வருவோருள் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜண்டும் ஒருவர். எம்.ஐ.டி.ஸி. பட்டறைகளில் பலவற்றுக்கு அன்று வார விடுமுறை. லேத்தில் நிற்பவரும் பிரஸ் ஓட்டுபவரும் வீட்டில் இருக்கும் நாள் அதுவே. வருகிறவர் பெரும்பாலும் அயலார் அல்லர். ஊர்க்காரராகவோ, மைத்துனராகவோ, சென்ற ஆண்டுவரை அதே பட்டறையில் உடன் உழைத்தவராகவோ இருப்பார். காப்பி கொடுத்து உபசரிக்கிறோம். அவர் பையைத் திறந்து தாள்களை எடுக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

அவர் எவ்வாறு பிழைக்கிறார் என்பதை நம்மில் பலர் கேட்டறிந்ததில்லை. பட்டறை வேலையை விட்டு ஏஜண்டாகலாமா என்று நம் இளைஞர் சிலர் எண்ணிவரும் இந்நாளில் அதைச் சற்று விரித்துக் கூறுவது நலமென்று கருதுகிறோம்.

1956 ஜனவரி 19 அன்று பிறந்த அவசரச் சட்டத்தால் 154 இந்தியக் கம்பெனிகளும், 16 அயல்நாட்டுக் கம்பெனிகளும், 75 பிராவிடண்டு சங்கங்களும் அரசின் பொறுப்பில் வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.ஸி. நிறுவப்பெற்றது. குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் அக்கார்ப்பரேஷனின் சம்பளக்காரர் ஆயினர். ஏஜண்டு மட்டும் முன்போலவே கமிஷன்காரராக நின்றார். இன்றும் அப்படியே நிற்கிறார். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த தனியார் கம்பெனிகளின் ஏஜண்டுகளுக்கும் நிலைமை இதுவே.

இத்தொழிலில் நுழைவது கடினமன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 25 மணி நேரப் பயிற்சி, 50 கேள்விகள் கொண்ட ஒரு பரீட்சை, அதில் நூற்றுக்கு 35 மதிப்பெண், இவ்வளவே.

கூலியின் கணக்கைப் பார்ப்போம். எல்.ஐ.ஸி.யின் நீண்டகால எண்டோமென்ட் பாலிஸிகளில் முதல் ஆண்டுப் பிரிமியத்தில் நூற்றுக்கு 25 கமிஷனாகவும், அக்கமிஷனில் நூற்றுக்கு 40 போனஸாகவும், ஆக 35 ரூபாய் ஏஜண்டுக்குக் கிடைத்துவந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஏழரை, பின்னர் ஐந்து. பாலிஸியை இடையில் விடுபவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையை உயர்த்தும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, முதல் ஆண்டுக் கமிஷன் 28 அளவுக்குக் குறைந்தது. பிந்திய ஆண்டுகளில் ஐந்தாக இருந்தது ஏழரையாக உயர்ந்தது. ஏஜண்டுகள் கண்டனம் செய்தனர். புதியவருக்கு இது இடியே என்பதில் ஐயமில்லை. ஆயினும் எழுதிய பாலிஸியைக் காப்பவருக்குக் கூலி கூடியது முறையென்றே நமக்குத் தோன்றுகிறது.

ஏஜன்ஸியை இழவாமல் இருக்க, ஆண்டுக்கு 12 பேருக்குப் பாலிஸி எழுதி, முதல் ஆண்டுப் பிரிமியமாக ஒரு லட்சம் ரூபாய் சேர்க்க வேண்டும் என்பது எல்.ஐ.ஸி.யின் குறைந்த அளவு. அதை மட்டும் நிறைவேற்றியவருக்கு 28 வீதத்தில் ஆண்டுக்கு 28,000 ரூபாய். மாதத்துக்கு 2,333 ரூபாய். லாண்டேவாடிக்கும் இந்திராயணி நகருக்கும் திகிக்கும் ஸ்கூட்டரில் அலையும் பெட்ரோல் செலவு இதற்குள்தான். சம்பளமில்லாத இம்முதல் ஆண்டுகளின் கடுமையைக் கார்ப்பரேஷனே உணர்ந்துள்ளது என்பதற்குச் சான்று, 2024 டிசம்பரில் பெண்களுக்கெனத் தொடங்கப்பெற்ற 'பீமா சகி' திட்டம். விதித்த அளவு தொழில் செய்யும் பெண்களுக்குக் கமிஷன் அன்றியும், முதல் ஆண்டு மாதம் 7,000, அடுத்த ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஏஜண்டாக விரும்பும் நம் சகோதரிகள் இதை விசாரித்தறிவது நல்லது.

தெரிந்தவர் நூறு பேரின் பெயரை எழுதிக்கொண்டு தொடங்குமாறு சொல்லிக்கொடுப்பது இத்தொழிலின் வழக்கம். பிறந்த ஊரிலே இருப்பவருக்கு நூறு பெயர் எளிது. பிழைப்புக்காக இங்கே வந்தவருக்கு முப்பது, நாற்பது பெயரோடு பட்டியல் முடிந்துவிடுகிறது; முடிந்த அன்று தொழிலும் தள்ளாடத் தொடங்குகிறது. அந்நிலையில் சிலர் முதல் பிரிமியத்தைத் தம் கைப்பணத்திலிருந்தே கட்டி ஆள் சேர்க்கின்றனர். இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது; தள்ளுபடி கொடுப்பவர் மட்டுமன்றி வாங்குபவரும் குற்றவாளியே. இன்னும் சிலர், சர்க்கரை நோயையும் புகையிலைப் பழக்கத்தையும் பாரத்தில் எழுதாமல் விடுகின்றனர். பாலிஸி தொடங்கி மூன்று ஆண்டுக்குள் மரணம் நேர்ந்து, மறைத்தது வெளிப்பட்டால், பணத்தை மறுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. கமிஷனை ஏஜண்டு முன்பே பெற்றுக்கொண்டார். கையை விரித்து நிற்பவள் விதவை.

தாட்சணியத்துக்காகப் போட்ட பாலிஸியில் இரண்டாம் தவணையோ மூன்றாம் தவணையோ நின்றுவிடுகிறது. ஓவர்டைம் இல்லாத மாதத்தில் முதலில் நிற்பது பிரிமியமே. ஆண்டுத் தவணைக்கு 30 நாள், மாதத் தவணைக்கு 15 நாள் கருணைக் காலம்; அதற்குப் பின் பாலிஸி காலாவதி. மைத்துனர்களுக்குள் பேச்சும் சில வேளை நின்றுவிடுகிறது.

நாம் அறிந்தவரையில் இத்தொழிலில் நிலைத்தவர்கள், முதல் மூன்று நான்கு ஆண்டுகள் பட்டறைச் சம்பளத்தையோ மனைவியின் வருமானத்தையோ ஊன்றுகோலாகக் கொண்டவர்களே. பழைய பாலிஸிகளின் கமிஷன் ஆண்டுதோறும் சேர்ந்து வரும் நிலையை எய்திய பின் அவர்களுக்குப் பதற்றமில்லை. நிபந்தனைக்கு உட்பட்டு அக்கமிஷன் அவர் காலத்துக்குப் பின் குடும்பத்துக்கும் வரும். அத்தகையவர், வைப்பு நிதி பிடிக்கப்படும் தொழிலாளி பணிக்காலத்தில் இறந்தால், 1976ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, அவர் தம் பங்காக ஒரு காசும் கட்டாமலே குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பதையும் வாய்விட்டுச் சொல்வார். சொன்னதால் அன்றைய பாலிஸி சிறுத்துப் போகலாம். அதுபற்றி அவர் கவலுவதில்லை.

ஏஜண்டு தொழிலை விட்டுப் போய்விட்டால் அவர் எழுதிய பாலிஸிக்கு 'அநாதைப் பாலிஸி' என்றே பெயர். அதன் துன்பம் நம்மவருக்கு இருமடங்கு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கிறோம். இங்குள்ள பாரங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. ஆகவே பாலிஸியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாங்குப் புத்தகத்தில் மற்றொன்று. மணத்துக்கு முன் நாமினியாக எழுதிய தாயார் பெயரைப் பலர் மாற்றுவதேயில்லை. இவற்றை உட்கார்ந்து திருத்தித் தருவதற்குத் தனிக் கமிஷன் கிடையாது. நிலைத்த ஏஜண்டே அதைச் செய்வார்.

வியாழக்கிழமை வருகிறவரிடம் இது எத்தனையாவது ஆண்டு என்று கேட்பதில் குற்றமில்லை. முதல் ஆண்டே என்றால் காப்பியும் கொடுக்கலாம், பாலிஸியும் எடுக்கலாம். ஓவர்டைம் இல்லாத மாதத்திலும் கட்டத்தக்க தொகைக்கு மட்டும். பத்திரம் கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, நாமினி, நோய் பற்றிய விடைகள் ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டேனும் படிக்கச் செய்ய வேண்டும். ஒவ்வாதிருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். மருத்துவச் சோதனை, முத்திரைக் கட்டணம் போன்ற சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வரும்.